நான்கு ஆண்டுப் பட்டாளம் முடித்து வந்து விவசாயம்: கைகூடுமா?

கேள்வி: 7 ஜூன் 2025

பெங்களூர் கே.ஆர். புரத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்காள் மகன் 2023இல் அக்னிவீரராகச் சேர்ந்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு, பயிற்சி இங்கேயே அல்சூரில். இப்போது வடக்கே இருக்கிறான். சொந்த ஊர் போளூர் பக்கம். இரண்டரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. நான்கு ஆண்டு முடிந்து நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் 25 சதவீதத்தில் தன் பெயர் வராவிட்டால் ஊருக்கே வந்து விவசாயம் பார்ப்பேன் என்கிறான். ராணுவ ஒழுங்கு பழகியவன் விவசாயத்தில் தோற்க மாட்டான் என்பது அவன் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அக்காள்தான் அழுகிறாள். பட்டாளத்திலிருந்து மண்ணுக்குத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

7 ஜூன் 2025, இரவு

ஒழுங்கு பழகியவன் தோற்க மாட்டானாம். மழையிடம் அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன். அப்பாவோடு ஏர் பிடித்துக்கொண்டிருந்த வயதில் ஆளெடுப்புக்குப் போய்த் தேறியவன். அதே சாப்பர்ஸ், அதே அல்சூர் ஏரிக்கரை. ஹவில்தாராக வெளியே வந்தேன். இப்போது வீடு பெங்களூர் மர்பி டவுனில், நிலம் ஊரில், நான் பாதி நாள் காட்பாடி ரயிலில்.

காலையில் நான்கரைக்கு எழுந்திருக்கிற பழக்கம் எனக்கு இன்றும் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போனேன். பட்டாளத்து வாசலையே மிதிக்காத பக்கத்து நிலத்துக்காரர் எனக்கு முன்பே எழுந்து மோட்டார் போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது எழுந்திருப்பதுதான் அங்கே ஒழுங்கு. விசில் அடிப்பதெல்லாம் மின்வாரியம்தான்.

பட்டாளத்து ஒழுங்கு எதன்மேல் நிற்கிறது என்று அந்தப் பையன் யோசித்துப் பார்க்கட்டும். லங்கரில் சோறு இருக்கும். ஸ்டோரில் பூட்ஸ் இருக்கும். உடம்பு சரியில்லை என்றால் எம்.ஐ. ரூமில் டாக்டர் இருப்பார். இவற்றையெல்லாம் வேறு யாரோ கவனித்துக்கொள்வதால்தான் நாம் நிமிர்ந்து நிற்கிறோம். நிலத்தில் லங்கரும் நீதான், ஸ்டோரும் நீதான்.

என் விவசாயம் இன்றுவரை விழாமல் நிற்கிறது என்றால் காரணம் ஒன்றே ஒன்று. மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழும் பென்ஷன். இதை என் மனைவி சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை.

8 ஜூன் 2025

நேற்று அவசரத்தில் எழுதியது. இன்று கணக்கோடு சொல்கிறேன்.

சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் குறைந்தது 15 ஆண்டு சேவை வேண்டும். அக்னிவீரனுக்கு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்தே, 4 ஆண்டு. 2022 ஜூன் 14 அன்று திட்டத்தை அறிவித்தபோது சொன்ன சம்பளம் இதுதான்: முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம், கைக்கு 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். வருமான வரி கிடையாது. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. வெளியே வந்தபின் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகவே இலவச சிகிச்சை அட்டையும் இல்லை, கேன்டீனும் இல்லை.

கேன்டீன் இல்லாததில் ஒரு நன்மை உண்டு. நான் லீவில் வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே எனக்கு நான்கு உற்ற நண்பர்கள் காத்திருப்பார்கள். பாட்டில் தீர்ந்த மறுநாள் ஒருவர் முகமும் தெரியாது. அக்னிவீரனுக்கு அந்தச் செலவு மிச்சம்.

11.71 லட்சம் சின்னத் தொகை இல்லை. ஆனால் அது ரகசியமான தொகையும் இல்லை. அரசே பத்திரிகையில் போட்டுவிட்டது. பையன் பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கும் முன்பே ஊருக்கு அந்த எண் மனப்பாடம். தங்கை கல்யாணம் என்று ஒரு பங்கு, அடகில் இருக்கும் நகை என்று ஒரு பங்கு, மாமன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் என்று ஒரு பங்கு. மிச்சத்தை வைத்து அவனே ஆசைப்பட்டு போர்வெல் போடுவான். எங்கள் பக்கம் பாறை. ஆயிரம் அடி போய்ப் புகையை மட்டும் பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பூமிக்குள் போட்ட பணத்துக்கு ரசீதுகூட வராது.

இதுதான் நான் சொல்ல வருவது. விவசாயத்தில் நஷ்டம் வருவது சகஜம். நஷ்டம் வந்த வருடமும் அடுப்பு எரிய வேண்டும். எனக்குப் பென்ஷனில் எரிந்தது. பையனுக்கு எதில் எரியும்? இதற்குப் பதில் இருந்தால் தாராளமாக வரட்டும்.

8 ஜூன் 2025

பிரதமரின் கிசான் உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருமே என்று ஒருவர் கேட்கிறார். வரும், நிலம் அவன் பெயரில் 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்கு முன்பே இருந்திருந்தால். அதற்குப் பிறகு பெயர் மாற்றினால், நிலத்துக்காரர் காலமாகி வாரிசுக்கு வந்தாலொழிய, கிடையாது. அப்பா இருக்கும்வரை அது அப்பாவுக்கு.

மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குகிறவருக்கும் கிடையாது. எனக்குக் கிடையாது. என் தம்பி மூன்று தவணையும் வாங்குகிறான். "ஜெய் ஜவான், ஜெய் கிசான்" என்று 1965இல் சாஸ்திரி சொன்னார். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் ஒரு ஜெய்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

11 ஜூன் 2025

தங்கவயல் பெரியவர் எழுதியிருப்பது நல்ல விஷயம். குறுகிய காலப் பட்டாளம் இப்போது புதிதாக வந்ததில்லை என்கிறார். சரிதான். என் பெரியப்பா காலத்தில் ஏழு ஆண்டு படையில், எட்டு ஆண்டு ரிசர்வில். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஊருக்கு வந்துவிடுவார்கள். நடுவில் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். போர் வந்தால் தந்தி வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆனால் இரண்டும் சேர்த்துப் பதினைந்து ஆண்டு முடிந்தால் ரிசர்வ் பென்ஷன் என்று ஒன்று உண்டு. சின்னத் தொகைதான். மணியார்டர் வரும் நாளில் பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தபால்காரருக்கு மோர் நிச்சயம். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் வித்தியாசம் அந்த மணியார்டர்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரியப்பா திரும்பி வந்தபோது ஏற்றமும் மாடு இழுக்கும் கவலையும் ஓடிய கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது.

12 ஜூன் 2025

மேலே ஒருவர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களைத் தேடி இரண்டாம் உலகப் போருக்கே போய்விட்டார். போகட்டும், எனக்கும் பிடித்த இடம். 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தார்கள். 1945க்குப் பிறகு பெரும்பாலானவர்களைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் சாப்பர்ஸில் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், 1944இல் இத்தாலியில் கண்ணிவெடிமேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருது பெற்றவர். ரெக்ரூட்டாக இருந்தபோது அந்தப் பெயரை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவரோடு போய் உயிரோடு திரும்பியவர்கள் ஊரில் என்ன பயிர் வைத்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை. பிரிகேட் ரோடு முனையில் சாப்பர்ஸ் நினைவுத் தூண் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுதான் பெங்களூர் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறது.

15 ஜூன் 2025

ஒருவரும் கேட்காத கேள்வியை நானே கேட்கிறேன். பையன் திரும்பி வருகிற அந்த இரண்டரை ஏக்கரில் இப்போது யார் இருக்கிறார்கள்?

என்னைப் போன்ற நிரந்தரச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் லீவு. அதை இரண்டாக உடைத்து ஒன்றை அறுப்புக்கும் ஒன்றைப் பொங்கலுக்கும் வைத்துக்கொள்வோம். லீவில் பார்க்கிற நிலம் வேறு. அப்போது நாம் விருந்தாளி. கோழி அடிப்பார்கள். வரப்பில் நடந்தால் ஆள் ஆளுக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு தென்னங்கன்றை நட்டுவிட்டு ரயிலேறிவிடுவோம். எல்லையில் பனிக்கு நடுவே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அந்தக் கன்று இப்போது எத்தனை மட்டை விட்டிருக்கும் என்று கணக்குப் போடுவோம். நான் போட்டிருக்கிறேன்.

நிரந்தரமாக வந்து இறங்கிய அன்றும் கோழி அடித்தார்கள். அடுத்த வாரமே தம்பி முகம் மாறிவிட்டது. நான் சும்மா இல்லை. நெல்லை விட்டுவிட்டு மணிலா, அதாவது நிலக்கடலை, போடலாம் என்றேன். கிணற்றைத் தூர் வார வேண்டும் என்றேன். மாட்டுக் கொட்டகையை இடம் மாற்றச் சொன்னேன். காலை அணிவகுப்பில் பேசுகிற குரலில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. தம்பி எதிர்த்துப் பேசவில்லை. மம்மட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, "அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆரணியில் வேலை இருக்கிறது" என்று போய்விட்டான். அந்த ஒரு போகத்தில் நான் தெரிந்துகொண்டது, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை யாருக்கு என்றைக்கு என்பதுகூட எனக்குத் தெரியாது என்பதைத்தான்.

பிறகு பாகப் பிரிவினைப் பேச்சு வந்தது. நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய அரை ஏக்கர் யார் பெயரில் என்ற பேச்சும் வந்தது. அது அப்பா பெயரில் இருந்தது. அப்பா காலமாகியிருந்தார். ஆகவே மூன்று பங்கு, அக்காளையும் சேர்த்து. பட்டாளத்துக்காரன் கையில் மணியார்டர் ரசீது கட்டுக் கட்டாக இருக்கும். கிரயப் பத்திரத்தில் பெயர் இருக்காது. இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்!

16 ஜூன் 2025

நேற்று எழுதியதை இன்று படித்தால் தம்பியைப் பற்றி முழுதும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. நான் பணம் அனுப்பினேன். அம்மா படுக்கையில் கிடந்தபோது புரட்டிப் போட்டது அவன். கோயில் வரி, மின் இணைப்புக்கு அலைந்தது, வரப்புத் தகராறில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தது எல்லாம் அவன். அந்த நாட்களுக்கு யாரும் கூலி எழுதி வைக்கவில்லை. என் ரசீதுகளுக்கு எதிராக வைக்க அவனிடம் ஒரு காகிதமும் இல்லை. அதனால் பஞ்சாயத்தில் என் பக்கம் கனமாகத் தெரிந்தது.

இந்தக் கணக்கில் என் மனைவியைச் சேர்க்கவே இல்லை என்று அவளே சொன்னாள். நான் எழுதுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிற வழக்கம். "தென்னங்கன்றைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, தண்ணீர் ஊற்றியது யார்?" என்றாள். அவள்தான். எங்கள் மாவட்டத்திலும் வேலூர் மாவட்டத்திலும் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன் இருக்கிற ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த ஊர்களில் இத்தனை காலம் விவசாயம் பார்த்தது பெரும்பாலும் பெண்கள். விதைக்கு ஆள் பிடித்தது, வங்கியில் நகையை வைத்தது, இரவில் டார்ச்சோடு மடை மாற்றப் போனது எல்லாம். நாங்கள் திரும்பி வந்து அவர்களுக்கே விவசாயம் சொல்லிக்கொடுத்தோம்.

பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஆகிறபோது பெண்ணிடம் நிலத்தைப் பற்றி முதலிலேயே பேசச் சொல்லுங்கள்.

22 ஜூன் 2025

"ஊருக்குப் போகாமல் பெங்களூரிலேயே ஏதாவது செக்யூரிட்டி வேலை" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அதையும் பார்த்தவன் நான்.

ஒயிட்பீல்டு பக்கம் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டிடத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கார் வந்தால் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. காருக்குள் இருக்கிற பிள்ளை தொலைபேசியைவிட்டு நிமிராது. பட்டாளத்தில் அடித்த சல்யூட்டுக்குப் பதில் சல்யூட் வரும், அது கட்டாயம். இங்கே ஒரு தலையசைப்புக்கும் வழியில்லை. நான் விட்டது சம்பளத்துக்காக இல்லை, இதற்காகத்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று. 2020இல் கர்நாடகத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயி அல்லாதவர்களும் விளைநிலம் வாங்கலாம் என்று ஆக்கினார்கள். அதன்பிறகு பெங்களூரைச் சுற்றி சனி ஞாயிறு விவசாயிகள் பெருகிவிட்டார்கள். ஆனேக்கல் பக்கம் ஒருவரின் பண்ணைக்குக் காவலாள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்றால் கூடுதல் சம்பளமாம். போய்ப் பார்த்தேன். மாங்கன்றுகளை ஆளுயரத்துக்கு ஒன்றாக நெருக்கி நட்டிருந்தார்கள். இது காய்க்காது என்றேன். "காய்க்க வேண்டியதில்லை, போட்டோவில் பச்சையாகத் தெரிய வேண்டும்" என்றார் மேனேஜர். சொந்த நிலம் ஆரணியில் தம்பி கையில் இருக்க, நான் அடுத்தவர் பண்ணைக்கு வேலி காப்பதா என்று பஸ் ஏறிவிட்டேன்.

மிலிட்டரி ஓட்டல் நடத்தலாமே என்று ஒரு குறும்புக்காரர் எழுதியிருக்கிறார். பெங்களூரில் அசைவ ஓட்டலுக்கே அந்தப் பெயர்தான், தடுக்கி விழுந்தால் மிலிட்டரி ஓட்டல். களியும் குழம்பும் பிரமாதமாக இருக்கும். நான் சாப்பிட்டவற்றில் ஒன்றிலும் கல்லாவில் பட்டாளத்துக்காரரைப் பார்த்ததில்லை.

29 ஜூன் 2025

கேட்டவர் கொஞ்சம் வருத்தத்தோடு பதில் போட்டிருக்கிறார். பட்டாளத்தில் கற்றது ஒன்றுமே நிலத்துக்கு உதவாதா என்று. அப்படி நான் சொல்லவில்லை. ஒழுங்கைப் பற்றித்தான் சொன்னேன். தொழில் வேறு.

2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவு நினைவிருக்கும். சூரல்மலையில் ஆற்றுக்குக் குறுக்கே, இரும்புப் பேனல்களைப் பூட்டிக் கட்டும் 190 அடி பெய்லி பாலத்தைக் கட்டி ஆகஸ்ட் 1 அன்று திறந்தவர்கள் எங்கள் அல்சூர் ஆட்கள். 24 டன் தாங்கும் பாலம். பெய்லி பாலத்தின் ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்க வேண்டும். கம்பியைக் குறுக்கே நுழைத்துப் பக்கத்துக்கு மூவராக நின்று, ஒரே சொல்லுக்கு எழ வேண்டும். ஒருவன் கால் நொடி தாமதித்தால் அந்த எடை அடுத்தவன் முதுகில் இறங்கும். எழுந்ததும் யாரும் பேச மாட்டோம். நடை மட்டும்தான்.

இதை ஊரில் எங்கே பயன்படுத்தினேன் என்றால், போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்குவதில். மூன்று சவுக்குக் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தி, நடுவில் செயின் கப்பியைத் தொங்கவிட வேண்டும். குழாயை ஒரு நீளம் மேலே இழுத்ததும், அடுத்த குழாயின் கழுத்தில் கிளாம்பைப் போட்டுப் போரின் வாயில் உட்கார வைத்து, மேலே உள்ளதை மரை கழற்றி எடுக்க வேண்டும். கேபிளை ஒருவர் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். கிளாம்பு நழுவினால் மோட்டாரும் மொத்தக் குழாயும் பாதாளத்துக்குப் போய்விடும். எங்கள் ஊரில் கழிகளின் உச்சியைப் பழைய சேலையால் கட்டுவார்கள். நான் கயிற்றால் கட்டிக் காட்டினேன். அகற்றி வைத்தால் இறுகுகிற கட்டு அது. அன்றைக்குத்தான் தம்பி என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தான். அதற்குப் பிறகு சுற்றுப்பட்டில் யாருக்கு மோட்டார் தூக்க வேண்டுமென்றாலும் எங்கள் இருவரையும் கூப்பிடுகிறார்கள். பென்ஷனுக்கு அடுத்தபடி எனக்கு ஊரில் மரியாதை தந்தது அந்தக் கட்டுதான்.

பையனுக்குப் படையில் என்ன டிரேடு என்று கேட்டுச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன், தச்சு, கொத்து வேலை, டிரைவர் இவற்றில் எதுவாக இருந்தாலும் சான்றிதழை வாங்காமல் வெளியே வரக் கூடாது. நிலம் காய்ந்த மாதத்தில் அடுப்பெரிய அது ஒரு வழி. அக்னிவீரர்களுக்கு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் ஒதுக்கீடு சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் எழுதிப் போடட்டும். அவமானம் ஒன்றுமில்லை.

13 ஜூலை 2025

பையன் நேற்று என்னோடு போனில் பேசினான். மாமா எண் கொடுத்திருக்கிறார். டிரேடு எலெக்ட்ரீஷியனாம். மரியாதையான பிள்ளை, "சாப்" என்றே கூப்பிட்டான், அண்ணன் என்று கூப்பிடச் சொன்னேன்.

ஒழுங்கு, உழைப்பு, அப்துல் கலாம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்டான். "அண்ணா, நான் வந்தாலும் நிலத்தில் என்ன போடுவது என்று அப்பாதானே முடிவு செய்வார்?"

பாருங்கள், இதுதான் கேள்வி. ஒரு மாதமாக நாம் எல்லாரும் எங்கெங்கோ சுற்றினோம். இவன் பட்டாளத்துக்குப் போனதே, சொந்த நிலத்தில் தன் பேச்சு எடுபடாது என்ற கசப்பில் பாதி. நானும் அப்படிப் போனவன்தான். அப்பா கரும்பு என்றால் கரும்பு. ஆலைப் பணம் எப்போது வரும் என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை. கையில் சொந்தக் காசு இருந்தால்தான் அப்பா நிமிர்ந்து பார்ப்பார் என்று ரயிலேறினேன். காசோடு திரும்பும்போது அப்பா இல்லை. அந்த அதிகாரம் தம்பி கைக்குப் போயிருந்தது. இந்தப் பையன் இருபத்துநான்கு வயதில் திரும்புவான். அப்பா திடமாக இருக்கிறார், பட்டா அவர் பெயரில் இருக்கிறது.

அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். மொத்த நிலத்தையும் கேட்காதே. அரை ஏக்கர் கேள். "இதில் நஷ்டம் வந்தால் என் காசு" என்று சொல்லிக் கேள். சேவா நிதியை முழுதும் ஊருக்குக் கொண்டுவராதே. பெரும்பகுதியை வைப்புத் தொகையாகப் போட்டுவிட்டு, அதன் ரசீதை அம்மாவிடம்கூடக் காட்டாதே. முதல் வருடம் போர் போடாதே. இருக்கிற கிணற்றுத் தண்ணீருக்குச் சொட்டுநீர் போடு. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் போதும். அந்த மனுவில் கையெழுத்து அப்பாவுடையதாகத்தான் இருக்கும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனும் அவர் பெயரில்தான். தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லை. கையெழுத்துக்கு அவர்தான் வேண்டும் என்று ஆன பிறகு, அவரிடம் அணிவகுப்புக் குரலில் பேச முடியாது. அது ஒரு விதத்தில் நல்லது.

அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிற சத்தம் போனில் கேட்டது. "ரசீதை அம்மாவிடம்கூடவா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டான்.

14 ஜூலை 2025

அம்மாவிடம் காட்டக் கூடாது என்று எழுதியதற்கு இத்தனை கண்டனமா! சரி, அம்மாவிடம் காட்டட்டும். அம்மாவின் தம்பியிடம் காட்ட வேண்டாம். கேள்வி கேட்டவர் மன்னிக்க வேண்டும்.

27 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் இருக்கிறேன். ஆகவே சுருக்கம். என்ன பயிர் என்று கேட்டவர்களுக்கு: எங்கள் மண்ணுக்கு மானாவாரி மணிலா. ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். ஏக்கருக்கு 160 கிலோ என்பது வேளாண்துறைக் கணக்கு. ஜிப்சம் போடாத மணிலா பார்க்கப் பருமனாக இருக்கும், உடைத்தால் உள்ளே காற்று. விதைக்காயை என் பழைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் வைக்கிறேன். மேலே வெள்ளைப் பெயின்டில் எழுதிய என் படை எண் இன்னும் அழியவில்லை. எலி நுழையாத பெட்டி ஊரிலேயே அது ஒன்றுதான். தம்பியின் விதையும் இப்போது அதில்தான்.

3 ஆகஸ்ட் 2025

ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: காட்டுப்பன்றி மணிலாவை முழுக்கத் தோண்டிவிடுகிறது, முன்னாள் ராணுவத்தினர்தானே, துப்பாக்கி உரிமம் வாங்கிச் சுட முடியாதா?

முடியாது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைத்தான் சுடலாம், அதையும் வனத்துறைப் பணியாளர்தான் சுட வேண்டும். நீங்கள் மனு கொடுக்கலாம். நான் கொடுத்தேன். விசாரிக்க வந்த வனக்காவலர் கட்டிலில் உட்கார்ந்து, படையில் என்ன துப்பாக்கி பயன்படுத்தினீர்கள் என்று ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, நிலத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவிடச் சொல்லிவிட்டுப் போனார். கட்டியிருக்கிறோம். பன்றி எங்கள் பக்கம் வராமல் பக்கத்து நிலத்துக்குப் போகிறது. அந்த நிலத்துக்காரரும் நேற்று வீட்டுச் சேலைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்து யார் நிலம் என்று தெரியவில்லை.